நெக்லஸுக்குள் மறையாத தழும்பு

நாங்கள் அமெரிக்காவில், பிளசன்டனில் வசிக்கிறோம். என் மகளுக்குத் தைராய்டில் புற்றுநோய். கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது. எல்லாவற்றையும் எடுக்க, கழுத்து மடிப்பிலிருந்து காதருகே வரை கீற வேண்டும் என்று சர்ஜன் விரலால் காட்டினார்.

வரன் பார்க்கும் நேரமாயிற்றே என்ற பதற்றத்தில், நெக்லஸ் மறைக்கும் அளவுக்கு மட்டும் கீறும்படி கெஞ்சினேன். மேலே உள்ள கட்டிகள் எட்டாமல் போகலாம் என்றார் அவர். நான் விடவில்லை.

"அம்மா, ஸ்டாப்! நெக்லஸ் போட நான் இருக்கணும்ல?" என்ற மகள், பெரிய கீறலுக்கே சம்மதித்தாள்.

ஆபரேஷனில், ஸ்கேனில் தெரியாத இன்னொரு கட்டி தாடைக்கு அடியில் கிடைத்தது. என் பேச்சைக் கேட்டிருந்தால் அது உள்ளேயே தங்கியிருக்கும். அவள் நலமாக வேலைக்குப் போகிறாள்.

இப்போது வரன் வீட்டாருக்குத் தழும்பு தெரிகிற போட்டோவையே அனுப்புகிறேன். கேட்டால், அந்தத் தழும்பால்தான் பெண் இருக்கிறாள் என்கிறேன்.