கீழே யாரும் இல்லாத மேனேஜர்

ராட்டர்டாமில் என் அக்காவுக்கு அவளுடைய மேலதிகாரி காப்பி எடுத்துவந்து கொடுக்கிறார். முதன்முறை அதைக் கண்டபோது, பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா வீட்டில் மறந்துவிட்டுப் போன அடையாள அட்டையைக் கொடுப்பதற்காக அவள் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். இங்க்ரிட் என்னும் அந்த உயரமான பெண்மணி, யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்குப் பால் வேண்டும் என்று மேசை மேசையாகக் கேட்டு, தட்டு நிறையக் கோப்பைகளுடன் வந்து எனக்கும் ஒன்றை நீட்டினார். நான் மரியாதையாக எழுந்து நின்று வாங்கினேன். இருக்கையை அவருக்கு விட்டுத் தருகிறேன் என்று எண்ணி, நன்றி சொல்லி, என் நாற்காலியில் அவர் அமர்ந்துவிட்டார். காப்பி தீரும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

இலக்கியம் படிக்க வந்த நான் அக்கா கிரேஸின் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அக்கா பிராடக்ட் மேனேஜர். துறைமுக வாயிலுக்குக் கண்டெய்னர் லாரிகள் எந்நேரம் வரலாம் என்று ஒதுக்கித் தரும் மென்பொருளில், அடுத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று தீர்மானிப்பது அவள் வேலை. செய்துமுடிக்கும் பொறியாளர்கள் வேறொருவரின் ஆட்கள். அவர்களுக்கு அவள் கட்டளையிட முடியாது. எழுதியும் பேசியும் இசைய வைக்க வேண்டும். அவள் எழுதும் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். என் பேராசிரியர்கள் அவ்வளவு சுருக்கமாக எழுதியிருந்தால் நான் இந்நேரம் பட்டம் வாங்கியிருப்பேன்.

சென்ற ஆண்டு அவளுக்குக் கீழே ஒரு குழுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். விடுப்புக்கு ஒப்புதல் தருவதிலும், ஜன்னலைத் திறப்பவருக்கும் மூடுபவருக்கும் சமாதானம் பேசுவதிலும் பொழுது போயிற்று. வாயிலுக்குப் போய் லாரி ஓட்டுநர்களிடம் நின்று பேச நேரமே இல்லை. சாப்பாட்டு மேசையில் நானும் அவளும் எதைப் பற்றி வாதிட்டாலும், “ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு” என்று முடித்துவிடுவாள். அந்த நிறுவனத்தில் மேலே ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆட்களை நிர்வகிப்பது. மற்றது ஆள் யாருமின்றித் தன் வேலையிலேயே மூத்தவராவது. பின்னதற்கு இண்டிவிஜுவல் கான்ட்ரிபியூட்டர் என்று பெயர். பதவியின் உயரமும் ஊதியமும் இரண்டிலும் ஒன்றே. தனக்கு இரண்டாவது வழிதான் வேண்டும் என்று மாதக்கணக்கில் வாதாடி, அக்கா இங்க்ரிட்டை இசைய வைத்திருந்தாள். பிரின்சிபல் பிராடக்ட் மேனேஜர் என்ற புதிய பதவிக்கான ஆணையில் கையெழுத்து மட்டுமே பாக்கி. அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கம் முத்தையாபுரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க வந்து சேர்ந்தார்கள்.

“ஏளா, பெரிய போஸ்டா?” என்று கேட்டார் அப்பா.

“ஆமாப்பா.”

“தனி ரூமு உண்டா?”

“கேட்டா குடுப்பாங்க.”

“ஒனக்குக் கீழ எத்தன பேரு?”

“யாரும் இல்லப்பா.”

அப்பா தேநீரைக் கீழே வைத்தார். “என்னளா தப்பு செஞ்ச?”

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. தூத்துக்குடியில் சரக்கேற்றும் தனியார் நிறுவனமொன்றில் அவர் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் வேலையைவிட்டு நீக்கமாட்டார்கள், பதவியை உயர்த்துவார்கள். நீளமான பெயரில் ஒரு பதவி, தனி அறை, தனி மின்விசிறி. ஆள் மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார். முதலாளியின் மைத்துனரை எதிர்த்துப் பேசிய சவரிமுத்து அண்ணாச்சி அவ்வாறு உயர்த்தப்பட்டவர். யாரையாவது ஏவிப் பழகிய வாய் சும்மா இராமல், தினமும் அப்பாவின் பகுதிக்கு வந்து, “ஏலே, ஒங்க ஆள்ல ஒருத்தன ஒரு சத்தம் போட்டுக்கிடட்டா?” என்று அனுமதி கேட்பாராம். அப்பாவும் தலையாட்டுவாராம். சத்தம் போட்டபின் அவர் முகம் தெளிந்து அறைக்குத் திரும்புவாராம்.

மகளுக்கும் அதே கதி நேர்ந்துவிட்டது என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். அக்கா எவ்வளவு விளக்கியும் பயனில்லை. “மேனேஜருன்னு பேரு. மேனேஜ் பண்ண ஆளில்ல. என்னட்டயேவா?” என்றார். அந்த வாரமே இங்க்ரிட் எங்கள் வீட்டுக்கு உணவருந்த வருவதாக இருந்தது. அதை அப்பா கர்த்தர் காட்டிய வழியாக எடுத்துக்கொண்டார்.

அம்மா சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். இங்க்ரிட் கண்கலங்கியபடி, மிக நன்றாக இருக்கிறது என்றார். அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அப்போது அப்பா எழுந்து நின்று, கப்பல் அதிகாரிகளோடு பேசிப் பழகிய ஆங்கிலத்தில், தம் மகள் சிறியவள் என்றும், ஏதேனும் பிழை செய்திருந்தால் பொறுத்தருள வேண்டும் என்றும், அவளுக்கு ஆள் கொடுக்கும்படியும், கூடுதலாக முடியாவிட்டால் இரண்டு பேராவது போதும் என்றும் விண்ணப்பித்தார்.

நம் ஊரில் மகளுக்காகத் தகப்பன் பேசினால், அது தகப்பனின் பேச்சு. இங்கே, வயதுவந்த ஒருவருக்காக இன்னொருவர் பேசுவதில்லை. பேசினால், அவர் சொல்லி அனுப்பியது என்று பொருள். இங்க்ரிட் கரண்டியை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். “கிரேஸ், உனக்குக் குழு வேண்டும் என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே. குழுவை நடத்தும் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. ஆணையை நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. அக்காவின் முகம் போன போக்கை நான் பார்க்க விரும்பாமல் மீன்முள்ளைத் தேடினேன்.

அக்கா இங்க்ரிட்டிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அப்பா, ஹார்பருக்குள்ள கப்பல கொண்டுவாராவள்லா பைலட்டு. அந்தக் கப்பல்ல அவுகளுக்குக் கீழ எத்தன பேரு?”

“ஒருத்தனும் கெடையாது. எல்லாரும் கேப்டனுக்க ஆளு.”

“அப்போ அவுக பேச்ச யாரு கேப்பா?”

“கேப்டனே கேப்பான்லா. கேக்கலன்னா தரதட்டிரும்.”

“அவுகள யாரும் தண்டன குடுத்தா ஏத்திவிட்டாவ?”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். “பைலட்டுக்குப் போவவர லாஞ்சு உண்டு. ஒனக்கு என்ன உண்டு?”

“சைக்கிள் இருக்கு.”

“பேசாம சாப்பிடுங்களேன்,” என்றாள் அம்மா. “அவ சைக்கிள்ல போயி கப்பல் ஏறிக்கிடுவா.”

இங்க்ரிட்டுக்கு நான் மொழிபெயர்த்தேன். துறைமுக நகரத்துக்காரர், பைலட் என்றதும் சிரித்துவிட்டார். அக்கா அவரிடம், தனக்கு ஆள் யாரும் வேண்டாம், பேசியபடியே ஆணை வரட்டும் என்று தெளிவாகச் சொன்னாள். அப்பா தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். சம்மதமா, சோர்வா என்று எனக்கும் விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து அச்சகக்காரர் அழைக்க, அப்பா ஸ்பீக்கரில் பேசினார். அத்தை மகனின் திருமண அழைப்பிதழ் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களில் உறவினரின் பெயருக்குக் கீழே அவரவர் உத்தியோகத்தையும் சிறிய எழுத்தில் போடுவது வழக்கம்.

“அண்ணாச்சி, மூத்த பாப்பாவுக்கு என்ன போட? எத்தன பேருக்கு மேனேஜருன்னு போட்டா எடுப்பா இருக்கும்.”

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா மடிக்கணினியிலிருந்து நிமிரவில்லை. ஆனால் தட்டச்சு நின்றிருந்தது.

“பேர மட்டும் போடு. கீழ எடத்த விட்டுரு.”

“வெறுமையா இருக்குமே அண்ணாச்சி.”

“இருக்கட்டும். கேக்கவங்களுக்கு நான் சொல்லிக்கிடுதேன்.”

புதிய பதவியின் முதல் மாதம் என்பதால் அக்கா திருமணத்துக்குப் போகவில்லை. ஊர்ப்பக்கம் நாசரேத்தில், மண்டப வாசலில் ஒட்டியிருந்த அழைப்பிதழில், தலைமையாசிரியர்களுக்கும் வங்கி அதிகாரிகளுக்கும் நடுவே, அவள் பெயரும் அதன்கீழே ஒரு விரற்கடை வெள்ளைத் தாளும் மட்டும் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தன.