அகேட் மாலைக்கு ஒரு சர்வீஸ் அட்டை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருடமாக இந்த வட்டாரத்துக் கட்டடங்களில் பாதி லிஃப்டுகள் இவர் தயவில்தான் ஏறி இறங்குகின்றன. தான் பார்க்கிற லிஃப்டில் இதுவரை யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். மாட்டிக்கொண்டது நான் ஒருத்திதான், அதுவும் லிஃப்டில் இல்லை.

என்னிடம் ஓர் அகேட் மாலை இருக்கிறது. 'என்னிடம்' என்பது பேச்சுக்குத்தான். பழுப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய நாற்பத்து மூன்று கல்மணிகள். ஒன்றின் வரி மற்றொன்றில் இருக்காது. அவர் வாங்கிக் கொடுத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. நான் அதைப் போட்டுக்கொண்டது ஐந்தே ஐந்து முறை. மற்ற நாளெல்லாம் அது பராமரிப்பில் இருக்கிறது.

பீரோக் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார். அவர் கம்பெனியில் லிஃப்டுக்கு உள்ளே தொங்கவிடுகிற சர்வீஸ் அட்டையேதான். தேதி, செய்த வேலை, புகார், நிலை, வாடிக்கையாளர் கையொப்பம் என்று கட்டம் கட்டி அச்சடித்தது. அதன் தலையில் கொட்டை எழுத்தில் விதிமுறைகள். குளிக்கும்போது கழற்ற வேண்டும். அடுப்புப் பக்கம் போகும்போது கழற்ற வேண்டும். சென்ட் அடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் மாட்ட வேண்டும். ஜன்னல் ஓரம் வைக்கவே கூடாது. தங்கச் சங்கிலியோடு சேர்த்து வைத்தால் கல் தங்கத்தைக் கீறிவிடும், ஆகவே தனிப் பை. இதையெல்லாம் அனுசரிப்பதற்குப் பதில் சும்மா இருந்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால்தான் ஐந்து முறை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுவுவார். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். இரண்டு சொட்டு சோப்பு. மெத்தென்ற ஒரு குழந்தைகள் பிரஷ், அதில் முயல் படம் வேறு. ஒரு முறை என் தம்பி வந்து தங்கியவன், காலையில் விவரம் தெரியாமல் அந்த பிரஷ்ஷில் பல் விளக்கிவிட்டான். மச்சானிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை இந்த மனிதர். தம்பி ஊருக்குப் போனதும் புதுப் பிரஷ் ஒன்று வாங்கி அனுப்பினான், அதுவும் முயல் படம் போட்டதையே தேடிப் பிடித்து.

இந்தப் பைத்தியம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன்னால் ஒரு நீல மாலை இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் வாங்கி வந்தார், அதுவும் அகேட்தான். கண்ணைப் பறிக்கிற நீலம். நான் அதைக் கழற்றாமல் திரிந்தேன். கொஞ்சம் மங்கின மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே 'சர்வீஸ்' பண்ணிவிட்டார். மெஷின் பாகங்களில் கிரீஸ் எடுக்கிற திரவத்தில் இரவெல்லாம் ஊறப்போட்டு, மொட்டை மாடியில் மூன்று நாள் சுட்டெரிக்கிற வெயிலில் காயவைத்தார். நீலம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கல்லுக்கு நிறம் சாயம் ஏற்றி வந்தது என்பதையும், கடும் திரவமும் வெயிலும் அதற்கு ஆகாது என்பதையும் பிறகு கல் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அன்றைக்கு நான் வாய்க்கு வந்தபடி என்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்பது மறுநாளே எனக்கு மறந்துவிட்டது. அடுத்த வருடம் சாயம் இல்லாத கல்லாகக் கேட்டு வாங்கி, இந்தப் பழுப்பு மாலையைக் கொண்டுவந்தார்.

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பணி ஓய்வு. முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுத்திருக்கிறேன். ஓய்வு பெறுகிறவர்களைப் படம் எடுத்து முன்கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். அந்தச் சுவருக்கு எதிரேதான் என் மேசை. முப்பத்தோரு வருடமாக அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து, என் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். கழுத்தில் அந்த மாலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரமாகத் தினமும் சொன்னேன். பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம் என்றார்.

நாலு மணிக்கு விழா. உடை மாற்றலாம் என்று நடுப்பகலில் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, நாற்பத்து மூன்று மணிகளையும் கழற்றி வரிசையாக அடுக்கி, மறுபடி ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருக்கிறார். கையில் பட்டு நூல். மூக்குக் கண்ணாடி மூக்கு நுனியில்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துண்டை உதறிவிடத்தான் கை போனது.

"கொக்கிக்குப் பக்கத்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு," என்றார், தலையை நிமிர்த்தாமல். "மேடையில அறுந்தா மணியெல்லாம் ஓடிடும்."

அவர் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த மனிதரிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாததற்குக் காரணமே அதுதான். மணிகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது என்று இரண்டு மணிகளுக்கு நடுவில் ஒரு முடிச்சு. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் அதுவரை பத்தொன்பது கல்தான் கோத்திருந்தார். கடைசி முடிச்சில் வைக்கிற பசை ஒரு ராத்திரி காய வேண்டுமாம்.

"இன்னிக்கு ஒரு நாள், நாலு மணி நேரம். அதுக்குக்கூட அது என்னோடது இல்லையா?" என்று கேட்டேன். அவர் இருபதாவது முடிச்சைப் போட்டார்.

வெறுங்கழுத்தாகப் போக மனம் வரவில்லை. பழைய மெல்லிய சங்கிலியாவது கிடைக்கட்டும் என்று பீரோவைத் திறந்தேன். எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் கட்டி வைப்பது அவர் சட்டம் அல்லவா, ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அடியில், அவருடைய பழைய யூனிஃபார்ம் சட்டைக்குக் கீழே, ஒரு துணிப் பை. பிரித்தேன். அந்த நீல மாலை. எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். பலமுறை துவைத்த பள்ளிச் சீருடை மாதிரி வெளிறிக் கிடந்தது. ஆனால் மணிகளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை, நூல் புத்தம் புதிது.

கூடவே நாலாய் மடித்த ஓர் அட்டை, அதே சர்வீஸ் அட்டை. முதல் வரியில் இருபது வருடத்துக்கு முந்தைய தேதி. புகார் கட்டத்தில் அவர் கையெழுத்து: 'ஒரு பொருளைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாத ஆளு.' நிலை: 'நிலுவை'. அதற்குக் கீழே, மூன்று மாதத்துக்கு ஒன்றாக, கழுவியது, கழுவியது, நூல் மாற்றியது, கழுவியது. இரண்டு பக்கமும் நிரம்பி, இணைப்பாக இன்னோர் அட்டையும் ஒட்டியிருந்தது. கையொப்பக் கட்டம் காலி.

அந்தக் கட்டத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். புகார் என்று ஒன்று வந்துவிட்டால், முடிந்தது என்று மெக்கானிக் சொல்லக்கூடாது, புகார் கொடுத்தவர்தான் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கையெழுத்துக்காக ஒரு கட்டடத்துக்கு மூன்று முறை அலைந்துவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டவர் அவர். அன்றைக்கு நான் என்ன கத்தினேன் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம்.

அட்டையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். நூலைக் கையில் பிடித்தபடியே அதைப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன் கேக்கலை?"

"கலர் திரும்ப வரலையேம்மா," என்றார். "வேலை முடியாம எப்படிக் கையெழுத்து கேக்கறது?"

வாயில் வந்த திட்டையெல்லாம் விழுங்கினேன். வெளிறிய மாலையை அவர் கையில் கொடுத்துத் திரும்பி நின்றேன். இதையா, படம் எடுப்பாங்களே என்று இழுத்தார். மாட்டுங்கள் என்றேன். கொக்கியை மாட்ட அவருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்து, 'நிலுவை' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"தேதி போடலை," என்றார்.

தேதியும் போட்டேன். பேனாவை மூடுவதற்குள், சென்ட் அடித்துக் கால் மணி நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் அடிக்கவே இல்லை என்றேன். அடிக்காமலே கிளம்பினேன்.