பிரேக்குக்கு நான் விட்ட எண்ணெய்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு அனுப்பர்பாளையத்தில் அறுபது தையல் மிஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறேன். எந்த மிஷின் கத்தினாலும் என் கை பட்டால் அடங்கிவிடும்.

என் மருமகளுக்கு மலையேறுகிற சைக்கிள் என்றால் உயிர். "ஒயர் இழுக்கற டிஸ்க் பிரேக், இறக்கத்துல பத்த மாட்டேங்குதுங்க மாமா" என்றாள். கடையிலேயே உசத்தியான, ஆயில் அழுத்தத்தில் பிடிக்கிற பிரேக்கை மாட்டச் சொன்னேன்.

"புதுசுல கத்துமுங்க, ஓட்ட ஓட்டச் சரியாயிரும்" என்றார் மெக்கானிக். எனக்கே பாடமா?

மறுநாள் கீச்சென்று கத்தியது. ஆயிலில் பிடிக்கிற பிரேக்குக்கு ஆயில் ஆகாதா என்ன? தையல் மிஷின் எண்ணெயை, சக்கரத்தோடு சுற்றுகிற இரண்டு டிஸ்க்கிலும் தாராளமாக விட்டேன். சத்தம் நின்றது. பெருமையாக இருந்தது.

ஊத்துக்குளி ரோட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவே இல்லை. மருமகள் வேலி முள்ளில் விழுந்து, கையெல்லாம் சிராய்ப்போடு வந்தாள். டிஸ்க்கைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்படி விழுந்தே?" என்று மகன் பதறினான்.

"நாய் குறுக்க வந்துருச்சுங்க."

அவன் மருந்தெடுக்க உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னாள். "டிஸ்க்குல எண்ணெயே படக்கூடாதுங்க மாமா. டிஸ்க்கப் பிடிக்கற பேடுல ஊறிருச்சு, அத மாத்திக்கலாம். அந்த எண்ணெய் கேன் மட்டும் கம்பெனியிலயே இருக்கட்டுங்க."

அன்றே அந்தக் கேனைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். இப்போது அவளைக் கேட்காமல் அந்தச் சைக்கிளில் ஒரு திருகாணியைக்கூடத் தொடுவதில்லை.

மகன் இதைப் படிப்பான். படிக்கட்டும். அன்று எந்த நாயும் வரவில்லை, கண்ணு.