மோட்டார்க்கடைக்காரனின் கோல்ஃப்

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றுகிறவனுக்கு முதல் பாடமே அவசரப்படாதே என்பதுதான். தேனியில் இருபது வருஷமாக அந்தத் தொழில் செய்த நான், 1998-இல் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்த அன்றே அதை மறந்துபோனேன். மட்டைகள் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய எஸ்டேட் மேனேஜர் ஒருவர், என் வாடிக்கையாளர், ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பது வயதுக்கு மேல் ஒரு விளையாட்டைத் தொட்டுவிட்டு, தேறவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கும் அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

காய்ந்த கண்மாய்

சித்திரை மாதம் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அதுதான் என் மைதானம். காலை ஆறு மணிக்குப் போய் நூறு பந்து அடிப்பேன். அதில் எண்பது, பத்தடி தள்ளிப் போய் உட்காரும். மட்டையை வீசும்போதே பந்து எங்கே போகிறதென்று தலையைத் தூக்கிவிடுவேன். மட்டை பந்தின் உச்சியைத் தடவிவிட்டுப் போகும். இதைச் சரிசெய்யப் புத்தகம் படித்தேன், கண்ணாடி முன்னால் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வெட்ட வரும் பேச்சியம்மாள், என் வயதுக்காரர், ஒரு வாரமாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "வெட்டுற இடத்துல கண்ணு வேணும்ல? நீங்க அடிக்கு முன்னாடியே அங்கன பாக்குறீக. நாங்க இப்படி அருவா வீசுனா இந்நேரம் ஒத்தக் கால்லதான் நிப்போம்!"

கோம்பை நாய்

ஆடி பிறந்து கண்மாயில் தண்ணீர் வந்ததும் இடமில்லாமல் போனது. கோம்பையில் ராமராஜ் என்ற விவசாயி, அவர் கிணற்று மோட்டாரை நான்தான் பார்ப்பேன், தன் தென்னந்தோப்பில் அடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வரிசைக்கு நடுவே நேராக அடிக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் பந்து மரத்தில் மோதித் திரும்பி என்னையே தேடி வரும். மரத்துக்கு மரம் இருபத்தைந்தடி. ஆறு இடைவெளி போனால் ஐம்பது கெஜம். தூரக்கணக்கை நான் கற்றது அந்தத் தோப்பில்தான்.

சிக்கல் அவருடைய நாயால்தான் வந்தது. பந்து விழுந்ததும் ஓடிப்போய் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். நான் கிட்டே போனால் உறுமும். முதல் நாள் பதினோரு பந்துகளை அடித்துவிட்டு ஒன்றைக்கூட எடுக்க முடியாமல் வரப்பில் நின்றேன். ராமராஜ் சிரித்தபடி வந்து எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தார். "கோவிச்சுக்கிறாதீகண்ணே. அடிச்சது நீங்கதான், ஆனா விழுந்தது நம்ம தோப்புல. இங்கன விழுந்த தேங்காயவே அது அடுத்தவுகளைத் தொட விடாது!"

இடது மணிக்கட்டு

2003-இல் கடையில் மோட்டாரைத் தூக்கும் செயின் பிளாக் நழுவி, பதினைந்து குதிரைசக்தி மோட்டார் என் இடது கைமேல் இறங்கியது. மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், "மணிக்கட்டு பழையபடி முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார். கோல்ஃப் போகட்டும், கை திரும்பாவிட்டால் கம்பி சுற்ற முடியாது.

கடையில் என்னோடு இருப்பவர் செல்வம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் 'அண்ணே' என்பார். கை தேறும்வரை ஐந்து மாதம் என் வேலையையும் சேர்த்து அவர்தான் செய்தார். கோயம்புத்தூரில் இருந்து நல்ல வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மெதுவாக மட்டையை ஆட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஊரே மோட்டாருக்காகக் காத்திருக்கும்போது கடைக்குள் பந்து தட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. செல்வமே தரையைக் கூட்டி, குழிக்குப் பதிலாக ஒரு டம்ளரைப் படுக்கவைத்து, மட்டையை என் கையில் கொடுத்தார். "கம்பிய நான் சுத்துறேண்ணே. நீங்க கையச் சுத்தி அத மீட்டுக் கொண்டாங்க, போதும்."

கை திரும்பியது. முழுசாக இல்லை, தொழிலுக்குப் போதுமான அளவு.

தொண்ணூற்றொன்பதும் நூறும்

மாதம் ஒரு ஞாயிறு, தேவதானப்பட்டி தாண்டி மலையேறி, நிஜமான புல் மைதானத்தில் ஆடுவேன். இந்த ஆட்டத்தில் எவ்வளவு குறைந்த அடியில் முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. பதினெட்டுக் குழியையும் நூற்றுக்குக் கீழே முடிப்பது பத்து வருஷக் கனவு. 2008-இல் ஒருநாள், கடைசிக் குழியில் எல்லாம் கூடி வந்து தொண்ணூற்றொன்பதில் முடித்தேன். ஆனால் வழியில், சருகுக்குள் கிடந்த பந்தை அடிக்கத் தயாராகும்போது என் மட்டை பட்டு அது அரை அங்குலம் உருண்டிருந்தது. விதிப்படி அதுவும் ஓர் அடிதான். யாரும் பார்க்கவில்லை.

கூட ஆடியவர் ஜோஸ், குமுளி ஏலக்காய்த் தோட்டக்காரர், மலையாளி. என் கார்டில் 99 என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போனார். "நூறுன்னு போடுங்க" என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் 100 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். "நான் கண்டதே இல்லல்லோ, சாரே! இனி உங்க கார்டுல நான் கண்ணை மூடிக்கிட்டு ஒப்புப் போடும், கேட்டோ."

ஒருவழியாக

எட்டு மாதம் கழித்து, அதே ஜோஸ் பக்கத்தில் நிற்க, தொண்ணூற்றெட்டு அடித்தேன். அங்கிருந்தே செல்வத்துக்குப் போன் போட்டேன். எட்டு மாதம் முன்னால் நூறு, இன்று தொண்ணூற்றெட்டு என்றேன். செல்வம் மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "ரெண்டுதானேண்ணே கொறஞ்சிருக்கு, மனச விட்றாதீங்க. அடுத்த மாசம் புடிச்சிறலாம்."

ஒரு சுமாரான ஆட்டக்காரன் உருவாகவே இத்தனை நல்லவர்கள் தேவைப்பட்டார்கள் என்றால், நன்றாக ஆடுகிறவர்கள் எத்தனை பேருக்கு நன்றி சொல்லி முடிப்பார்களோ, எனக்குத் தெரியாது!