பாதி துடைத்த பலகை

அனல் மின் நிலைய வாசலில் எங்கள் சங்கத்துக்கு ஒரு கரும்பலகை, எதிர்ச் சங்கத்துக்கு ஒரு கரும்பலகை. ஷிஃப்ட் மாறும்போது சைக்கிளை நிறுத்தி எல்லாரும் படிப்பார்கள். 2017, 18 வாக்கில் எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் பலகைக்கு மரியாதை குறையவில்லை. எங்கள் பலகையை எழுதியது நான். அவர்களுடையதை எழுதியவர் என்னோடு ஒரே பேட்ச்சில் அப்ரண்டீஸாகச் சேர்ந்தவர். அடுத்தவர் பலகையில் யாரும் கை வைப்பதில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்ட நாட்களில்கூட அப்படித்தான்.

எனக்கு அவர்மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவருடையது கோழி கிளறியது மாதிரி. ஆனாலும் கூட்டம் அவர் பலகை முன்னால்தான் நின்றது.

அப்போது ஆட்சியில் இருந்தது அவர்களுடைய தலைவர். பூமி சூடாவதைக் குறைக்கப் பழைய யூனிட்டை மூடப்போவதாகவும், சுரங்க மண் கொட்டிய மேட்டில் சோலார் தகடுகள் வைக்கப்போவதாகவும் அவர் அறிவித்தார். நான் பலகை நிறைய 'துரோகி' என்று எழுதினேன். அந்த யூனிட்டில் சாம்பல் அள்ளும் காண்ட்ராக்ட் வேலையில் என் தம்பி பதினோரு வருஷமாக இருந்தான். அவனுக்காக எழுதினேன் என்று சொன்னால் பொய். அந்தத் தலைவர் மழை வரும் என்று சொல்லியிருந்தால் நாங்கள் குடையை ஒளித்து வைத்திருப்போம்.

என் பேட்ச்காரர் தம் பலகையின் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் 'சரி': பழைய யூனிட்டை மூடினால் நம் பிள்ளைகளின் மூச்சுக்கு நல்லது; சோலாருக்கு யாருடைய வயலும் போகாது. வலப்பக்கம் 'தவறு': காண்ட்ராக்ட் தொழிலாளிகள் எங்கே போவார்கள் என்று தலைவர் சொல்லவில்லை. சொல்ல வைப்போம். அடுத்த வாரம் தலைவர் கடலூர் வரும்போது இரண்டு சங்கமும் கையெழுத்துப் போட்ட மனுவைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் கீழே எழுதியிருந்தார்.

எங்கள் சங்கத்து கிரேன் ஆபரேட்டர் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "அவங்க தலைவரையே தப்புன்னு எழுதுறாருங்க. அப்ப சரின்னு சொல்றதயும் நம்பலாம்."

என் தம்பி இரண்டு முறை படித்தான்.

"எங்களப் பத்தி எழுதியிருக்காரு, பாத்தியாண்ணா?"

சொந்தத் தம்பி, என் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

மறுநாள் மதியம், ரெண்டாவது ஷிஃப்ட் உள்ளே போனபின், ஈரத்துணியால் 'சரி' பக்கத்தை முழுவதும் துடைத்தேன். அது போனால் அவரும் என்னைப் போல ஒரு பக்கம் மட்டும் பேசுகிற ஆளாகத் தெரிவார், அவ்வளவுதான் என் கணக்கு. மிச்சமிருந்த 'தவறு' பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து அவர்கள் கட்சிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைவரைத் திட்டி எழுதினார் என்று இரண்டே நாளில் அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கிவிட்டார்கள். பாதியை யாரோ அழித்துவிட்டார்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அடுத்தவர் பலகையில்தான் யாரும் கை வைப்பதில்லையே. அவரே அழித்திருப்பார் என்றார்கள், ஒருவரும் நம்பவில்லை.

தலைவர் வந்து போனார். மனு போகவில்லை. அவர்கள் பலகையில் 'வாழ்க' வந்தது, என் பலகையில் 'ஒழிக'. கூட்டம் இப்போது இரண்டு பலகை முன்னாலும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது, உண்மையாகவே சில வாரங்கள் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு யூனிட்டை மூடினார்கள். தம்பி நெல்லிக்குப்பம் கரும்பு ஆலைக்கு சீசன் வேலைக்குப் போனான். ஒரு பொங்கலுக்கு அவன் பிள்ளைகள் என் வீட்டில் என் பிள்ளைகளின் பழைய துணியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன.

லீவு முடிந்த முதல் காலை என் பலகையின் நடுவே கோடு போட்டேன். அவர் எழுதியதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். பொறாமையில் அத்தனையும் மனப்பாடமாகியிருந்தது. பி.எஃப். காகிதம் வாங்க வந்த தம்பி சைக்கிளிலிருந்து இறங்காமலே படித்தான்.

"இது அந்தண்ணன் எழுதனதாச்சே. அப்படியே எழுதியிருக்க."

"ஆமா."

"நான் ரெண்டு தடவ படிச்சும் எனக்கு இவ்ளோ ஞாபகம் இல்ல." பலகையின் இடப்பக்கத்தைப் பார்த்தான். "பாதிய யாரோ அழிச்சிட்டாங்கன்னு அவரு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாரு. நான்கூட நம்பல."

நான் பலகை துடைக்கும் ஈரத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் அந்தத் துணியைப் பார்த்தான்.

"அவரு வூடு எந்த பிளாக்குண்ணா? போயி மன்னிப்புக் கேக்கணும்."

வழி சொன்னேன். கேட்க வேண்டியவன் நான். போகிறவன் அவன். சைக்கிள் திரும்பியபோதும் எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.