தோபா ஏரிக்கரையில் வந்த போன்

என் மாமனார் சாகக் கிடந்தபோது, பெற்ற மகளின் குரலை ஒரு முறை கேட்க ஆசைப்பட்டார். கேட்கவிடாமல் செய்தவன் நான்.

தினமும் காலையில் திருமண் இட்டுக்கொண்டு ரங்கநாதரைச் சேவிக்கப் போகிறவன்தான் இதை எழுதுகிறேன். அவரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை... அவருக்குத் தெரியாதா என்ன! உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

எங்கள் மகன் சுமத்ரா தீவில் ஒரு பாமாயில் ஆலையில் வேலை பார்க்கிறான். நான் ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்களை அங்கே வரவழைத்தான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. டிரைவரோடு ஒரு காரை அமர்த்தி, "நீங்களும் அம்மாவும் நாலு நாள் சுத்திட்டு வாங்கப்பா" என்று அனுப்பி வைத்தான்.

நானும் என் மனைவி தனமும் மட்டும்! கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பயணம் எங்களுக்கு வாய்த்ததில்லை. ராமேஸ்வரம் கிளம்பினோம், புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினோம். காசிக்கு டிக்கெட் எடுத்தோம், ரத்து செய்தோம். இரண்டு முறையும் தனத்தின் பிறந்த வீடான முசிறியிலிருந்து போன், அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று. அடித்துப் பிடித்து ஓடினால், அவர் கட்டிலில் சாய்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருப்பார்! அவர்மேல் எனக்கு உள்ளூர ஒரு கசப்பு இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வளைந்து வளைந்து ஏறும் பாதை. தூரத்தில் ஒரு மலையின் தலையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, யாரோ அடுப்பைப் பத்த வெச்சுட்டு மறந்துட்டாங்க போல!"

"உன்னை மாதிரி ஒருத்தியாத்தான் இருக்கும்."

"ஆமா, நான் மறந்து மறந்துதான் நீங்க இந்தத் தொப்பையை வளத்தீங்க!"

தமிழே தெரியாத டிரைவரும் சேர்ந்து சிரித்தார். தனம் இப்படிப் பேசக்கூடியவள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் தோபா ஏரி. என்றோ எரிமலை வெடித்த பள்ளத்தில் நிரம்பிய தண்ணீராம். அக்கரை கண்ணுக்கு எட்டவில்லை. தனம் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினாள். "இம்மாந் தண்ணியைப் பார்த்தா எங்கப்பா வாயப் பொளந்துருவாருங்க!" என்று கத்தினாள்.

அப்போதுதான் போன் வந்தது. அந்த ஊர் சிம் என் போனில் மட்டும்தான் இருந்தது. பேசியது அவள் தம்பி முருகேசன்.

"மாமா, டாக்டர் கையை விரிச்சுட்டாரு. தனம் எங்க, தனம் எங்கன்னு அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு. போனை அவரு காதுல வெக்கிறேன். அக்காவை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

அவள் கூப்பிடு தூரத்தில்தான் நின்றாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னையும் வரச்சொல்லிக் கையை ஆட்டினாள்.

"தூங்குறா மாப்ள. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இதுவும் பழைய மூச்சிரைப்புதான் என்று நினைத்தேனா? நினைத்தேன். ஆனால் முருகேசனின் குரல் உடைந்திருந்ததே, அது காதில் விழவில்லையா? விழுந்தது... விழுந்தது! இந்த ஒரு பயணத்தையாவது யாரும் பாதியில் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று இருந்தது எனக்கு.

"யாருங்க போன்ல?"

"வேலை பார்த்த எடத்துல இருந்து... சும்மா."

மறுநாள் காலையில் முருகேசன் மறுபடியும் கூப்பிட்டான். அழுதான். இப்போது சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று தனம் கேட்பாளே! அந்தப் பயத்தில் நான் சொன்னதை இன்று எழுதவும் கை கூசுகிறது.

"சொல்லிட்டேன் மாப்ள. அப்பாகிட்ட இந்த நெலமையில பேச மனசு வரலைங்கிறா."

"சரிங்க மாமா" என்று போனை வைத்தான்.

அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார். "திடீர்னு போயிட்டாராம்" என்றேன் தனத்திடம்.

விமானம் மாறி வந்து சேர்வதற்குள் தகனமே முடிந்துவிட்டது. முசிறி வீட்டு வாசலில் முருகேசன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஊர் சுத்தப் போனவளுக்கு இப்ப எதுக்கு அழுகை?" என்றான். உள்ளே ஒரு உறவுக்காரப் பெண், "ரெண்டு நாளா உன் பேரைத்தாண்டி சொல்லிக்கிட்டிருந்தாரு" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ரெண்டு நாளு! எனக்கு ஒரு போன் பண்ணணும்னு அவனுக்குத் தோணலையாங்க?" என்று என்னிடம் கேட்டாள். தம்பியிடம் கேட்கவில்லை. ரோஷக்காரி.

"விடு தனம்" என்றேன் நான்.

அப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டாள் அக்கா என்று தம்பி நினைக்கிறான். தம்பி தன்னிடம் மறைத்துவிட்டான் என்று அக்கா நினைக்கிறாள். அன்றோடு பேச்சு நின்றது. பொங்கலுக்கு வாழைத்தாரும் கரும்புமாக வரும் சீரும் நின்றது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்... சொன்னால் இவள் என்னோடு இருப்பாளா?

போன தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரைக்குப் போயிருந்தோம். எங்கள் ரங்கநாதர், தங்கை சமயபுரத்தாளுக்குச் சீர் அனுப்பும் நாள். பட்டும் மாலையும் பழத்தட்டுகளும் வந்து இறங்கின. தனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் பார்வை சட்டென்று ஓரிடத்தில் நின்றது.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் முருகேசன். தலை பாதி நரைத்திருந்தது. அவனும் அக்காவையே பார்த்தான். ஒரு அடி எடுத்து வைத்தான்... பெருமாளே, வைத்தான்! அதை நான் பார்த்தேன்.

தனத்தின் கை என் கையை இறுக்கியது. "வாங்க, போயிடலாம்" என்றாள். இரு, உன் தம்பி வருகிறான் என்று நான் சொல்லியிருக்கலாம்.

நானே கூட்டத்தை விலக்கி அவளுக்கு வழி செய்துகொடுத்தேன்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குன்னு இனிமே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள்.

கண்டக்டர் வந்து நின்றார்.

"ஸ்ரீரங்கம் ரெண்டு" என்றேன்.