அமைச்சர் சொல்லாத வரி

சட்டமன்றத்தில் அவருக்குப் ‘புலவர்’ என்று பெயர். வைத்தவர்கள் ஒன்றும் மரியாதைக்காக வைக்கவில்லை. வேலையோ சுருக்கெழுத்தர் வேலை. உறுப்பினர்கள் பேசுவதைக் கோடும் கொக்கியுமாக நோட்டில் பிடித்து, பிறகு தட்டச்சு செய்து, அவைக்குறிப்பாக அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஒலிப்பதிவெல்லாம் வராத காலம் அது. அவைக்குறிப்பின் நடை கண்ணியமாக இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் விதிப்புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுக் கப்பலேறியிருந்தான். நாட்டுக்கு விடுதலை வந்தது, சொந்த மொழியில் ஆட்சி வந்தது, அந்த விதி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“உக்காருய்யா, பெரிசா பேச வந்துட்ட” என்று ஒருவர் கத்தினால், “மாண்புமிகு உறுப்பினர் அமர வேண்டுகிறேன்” என்று எழுத வேண்டும். மற்ற சுருக்கெழுத்தர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். புலவருக்குக் கை நிற்காது. இளமையில் இரண்டு நாவல் எழுதி, போடுவதற்கு ஆள் கிடைக்காமல் பரணில் தூக்கி வைத்தவர். பரணில் வைத்த ஆசை சும்மா கிடக்குமா? வீட்டுவசதி அமைச்சரின் வாயில் போய் ஏறிக்கொண்டது.

அமைச்சர் அலட்டிக்கொள்ளாத மனிதர். எதைக் கேட்டாலும் “பாக்கலாம், பாக்கலாம்” என்று கையை ஆட்டுவார். அதைப் புலவர், “அரசு இதனைப் பரிவோடு பரிசீலிக்கும்” என்று எழுதுவார். இரண்டு கொட்டாவிக்கு நடுவே அமைச்சர் உளறியதை அச்சில் படித்தால் எழுந்து கை தட்டத் தோன்றும். அச்சுக்கு முன் திருத்துவதற்காகத் தட்டச்சுப் பிரதி, அமைச்சரின் அலுவலகத்துக்குப் போகும். யாரும் புரட்டாமலேயே கையெழுத்தோடு திரும்பி வரும். பதினோரு வருடத்தில் ஒரு கமா கூட மாறியதில்லை. கடைசியில் அந்தப் பேச்சுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். அதற்கு அரசின் இலக்கியப் பரிசும் கிடைத்தது. விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து புலவரும் கை தட்டினார். வயிறு எரிந்தது. உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது. வெட்கம் கெட்ட பிழைப்பு, ஆனால் அப்படித்தான் இருந்தது.

புலவருக்கு ஒரு அக்கா. பெற்றவர்கள் போன பிறகு, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கறைப் போர்வைகளை வெளுத்தே தம்பியைத் தட்டச்சுப் பள்ளிக்கு அனுப்பியவள். கால்வாய் ஓரத் தெருவில் ஒன்றரை அறை வீட்டில் தனியாக இருந்தாள். அகலச் சாலை போடுவதற்காக அந்தத் தெருவை இடிக்கப்போவதாக ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் காலி செய்யச் சம்மதித்து எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மாற்றுவீடு.

எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் சபையில் எழுந்து, “கால்வாய் ஓரத் தெரு ஜனங்க எங்க போவாங்க, பதில் சொல்லுங்க” என்று கேட்டார். அமைச்சர் பக்கத்து இருக்கைக்காரரோடு ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். புலவர் நோட்டில் அதைத்தான் குறித்தார். தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபோது கை வேறொன்றை அடித்தது.

“அத்தெருவில் ஒரு வீட்டின் மீதும் கை வைக்கப்பட மாட்டாது என இந்த அவைக்கு உறுதி கூறுகிறேன்.”

அக்காவை நினைத்து அடித்தாரா, வாக்கியம் நன்றாக வந்ததே என்று விட்டுவிட்டாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பிரதி போனது, கையெழுத்தோடு வந்தது, அச்சேறியது.

இரண்டு வாரம் கழித்து அக்கா மூச்சிரைக்க வந்தாள். கையில் அவைக்குறிப்பின் நகல்.

“டேய், உங்க அமைச்சர் சபையிலயே சொல்லிட்டாருடா! வக்கீல் கண்டுபிடிச்சாரு. இத வச்சே கேஸ் போடறோம். மாத்து வீடும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்னு தெருவே சொல்லிடுச்சு.”

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் அக்கா அந்த வரியை விரலால் தடவிப் படித்தாள். அவர் எழுத்தை இந்த உலகத்தில் ஒருவரும் அப்படிப் படித்ததில்லை. பாவி மனுஷன், பேசாமல் இருந்துவிட்டார்.

நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஐந்து மாதம் தெரு நிம்மதியாகத் தூங்கியது. அதற்குப் பிறகுதான், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அமைச்சர் மறுக்க, சட்டமன்றச் செயலாளர் புலவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் அவருடைய பழைய நோட்டு விரிந்து கிடந்தது.

“இதுல என்ன இருக்கு, படிங்க.”

பக்கத்தில் இன்னொரு சுருக்கெழுத்தர் நின்றிருந்தார். பொய் சொல்ல வழியில்லை.

“பாக்கலாம், பாக்கலாம்னு இருக்கு சார்.”

“அப்ப அந்த உறுதிமொழி?”

“நான் எழுதினது சார்.”

செயலாளர் கோபப்படவில்லை. “ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. தவறு நடந்துருச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க, இதோட முடிச்சுக்கலாம். இல்லன்னா விசாரணை, சஸ்பெண்ட், எல்லாம் வரும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த ஒரு வரிதான தப்பு? புத்தகத்துல இருக்கற மத்ததெல்லாம் அவர் பேசினதுதான?”

பதினோரு வருடம் அந்த அறையில் வந்து நின்றது. ‘ஒன்றுகூட அவர் பேசியதில்லை, எல்லாமே என்னுடையது’ என்று சொல்லியிருந்தால் பரிசு, புத்தகம், எல்லாம் சந்தி சிரித்திருக்கும்.

“ஆமா சார்,” என்றார் புலவர்.

“நல்லது. அப்படியே அமைச்சர் சபையில படிக்கறதுக்கு ஒரு விளக்க அறிக்கையும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. உங்க கைக்கு நல்லா வரும்.”

ஏனோதானோவென்று எழுதியிருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை. உட்கார்ந்தால் நன்றாகத்தான் எழுத வரும் அவருக்கு. “முடியாததை முடியும் என்று சொல்லாதிருப்பதே ஓர் அரசு தன் மக்களுக்குச் செய்யும் முதல் மரியாதை” என்று தொடங்கினார். தடையை நீக்கிய நீதிபதி தீர்ப்பில் அந்த வரியை அப்படியே எடுத்துக்காட்டினார். பத்திரிகைகள் கட்டம் கட்டிப் போட்டன.

வீட்டை இடிப்பதற்கு முதல் நாள் புலவர் அக்காவைப் பார்க்கப் போனார். அவள் பாத்திரங்களை ஒரு பழைய போர்வையில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போகப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மாற்றுவீடுகளெல்லாம், அதே சாலைக்காக இடிபட்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த வேறு தெருக்காரர்களுக்குப் போய்விட்டன. தரையில் பத்திரிகை கிடந்தது.

“எவ்வளவு அழகா சொல்லி இடிக்கறானுங்க பாரு,” என்றாள் அக்கா. “எவன்டா எழுதித் தர்றான் இவனுங்களுக்கு?”

“நான்தான்க்கா.”

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“இடிக்க மாட்டோம்னு மொதல்ல வந்துச்சே, அது?”

“அதுவும் நான்தான்.”

“அப்ப அமைச்சர் என்னதான்டா சொன்னாரு?”

“பாக்கலாம்னு சொன்னாரு.”

அக்கா பாதியில் நின்ற முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

“அத அப்படியே எழுதியிருந்தா, நான் அன்னிக்கே மாத்து வீட்டுக்கு எழுதிக் குடுத்துருப்பேனேடா.”